தெருநாய் வைத்தியசாலையில் தொண்டு செய்ய வெளிநாடு போகிறீர்களா? என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கொழும்பில், வெள்ளவத்தையில் இருக்கிறேன், வேலை கணக்குப் பிரிவில். இரண்டு தடவை லீவு எடுத்துக்கொண்டு தமிழ்நாட்டில் தெருநாய்களுக்கான ஒரு சிகிச்சை நிலையத்தில் மும்மூன்று கிழமை நின்று வேலை செய்தேன். திரும்பி வந்த நாளிலிருந்து தெரிந்தவர்கள், தெரியாதவர்கள், தங்கச்சியின் சிநேகிதிகள் என்று எல்லோரும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குரல்பதிவு அனுப்புவதை விட எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

நான் டொக்டர் இல்ல, ஊசி பிடிக்கவே தெரியாது. நான் அங்க போய் என்ன செய்யிறது?

கூடு கழுவுவீர்கள். காலை ஆறரைக்குத் தொடங்கினால் முதல் இரண்டு மணித்தியாலம் அதுதான். மலம் அள்ளி, கிருமிநாசினி ஊற்றித் தேய்த்து, காயவிட்டு, பழைய பெட்ஷீட் விரித்து, தண்ணீர்ச் சட்டி வைக்க வேண்டும். பிறகு சாப்பாடு கொடுப்பது, யார் சாப்பிட்டது யார் சாப்பிடவில்லை என்று அட்டையில் எழுதுவது, உண்ணி பிடுங்குவது, சொறி பிடித்த நாயை மருந்துத் தண்ணீரில் குளிப்பாட்டுவது, மருத்துவர் புண்ணைத் துப்புரவாக்கும்போது தலையைப் பிடித்துக்கொள்வது.

என் மனதில் நிற்கிற வேலை வேறு. கருத்தடைச் சத்திரசிகிச்சை முடிந்து வரும் நாய்கள் மயக்கம் தெளியும்வரை பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். நாயை ஒரு பக்கமாகக் கிடத்தி, கழுத்தை நேராக்கி, நாக்கை வெளியே இழுத்து விடுவோம். கண் திறந்தபடியே இருக்கும், காயாமல் இருக்க ஜெல் போடுவோம். வெளியே வெயில் கொளுத்தினாலும் மயக்கத்தில் இருக்கும் நாயின் உடம்பு குளிர்ந்துகொண்டே போகும், அதனால் துவாயால் மூடி, சுடுதண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி வயிற்றோடு அணைத்து வைப்போம். வெப்பமானியில் 38 பாகைக்குக் கீழே காட்டினால் உடனே சொல்ல வேண்டும். முரசு இளஞ்சிவப்பாக இருக்கிறதா, விரலால் அழுத்தி எடுத்தால் இரண்டு செக்கனுக்குள் நிறம் திரும்புகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்புறம் ஒரு கட்டத்தில் நாக்கு மெல்ல உள்ளே போகும், தொண்டை ஒரு தடவை அசைந்து விழுங்கும். அந்த விழுங்கலுக்காகத்தான் காத்திருப்போம். மருத்துவர் அடுத்த நாயில் கை வைத்திருக்கும்போது, அதைக் கவனிக்க ஒரு சோடிக் கண் வேண்டும். அந்தக் கண் உங்களுடையதாக இருக்கலாம்.

மெரீன் டிரைவிலயே இவ்வளவு நாய் நிக்குது. அதை விட்டுட்டு ஏன் வெளிநாடு?

நியாயமான கேள்வி. என்னுடைய பதில், முதலில் இங்கே செய்யுங்கள் என்பதுதான். 2006 ஆம் ஆண்டு கட்டாக்காலி நாய்களைப் பிடித்துக் கொல்வதை இலங்கை நிறுத்தியது. அதன் பிறகு கருத்தடையும் தடுப்பூசியும்தான் வழி என்று ஆனது, அந்த வேலைக்கு இன்றைக்கும் ஆள் போதாது. கொழும்பில் எம்பார்க் போன்ற அமைப்புகள் இருக்கின்றன, தடுப்பூசி முகாம்கள் நடக்கின்றன. ஒரு நாள் போய் நின்று பாருங்கள். வெயிலில், குரைப்புச் சத்தத்தில், அந்த மணத்தில் ஐந்து மணித்தியாலம் நிற்க உங்களால் முடிகிறதா என்பது அன்றைக்கே தெரிந்துவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் போய் நின்ற முகாம்களில் தமிழ் பேசும் எங்களுடைய ஆட்கள் மிகக் குறைவு. கொட்டாஞ்சேனையில் ஒரு தோட்டக் குடியிருப்பில், தங்கள் நாயைத் தரமாட்டோம் என்று நின்ற ஒரு அம்மாவிடம் தமிழில் பக்கத்தில் இருந்து கதைத்தவுடன் அவரே நாயைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதற்கு வீசாவும் தேவையில்லை, டிக்கெட்டும் தேவையில்லை.

அப்படியென்றால் வெளிநாடு எதற்கு? ஒரே இடத்தில் நாள் முழுக்க, கிழமைக்கணக்கில், ஒன்றன்பின் ஒன்றாக நோயாளிகள் வருகிற இடத்தில் நின்றால் இங்கே ஒரு வருடத்தில் பார்ப்பதை ஒரு மாதத்தில் பார்ப்பீர்கள். அதைக் கற்றுக்கொண்டு வந்து இங்கே பயன்படுத்த நினைக்கிறவர்கள் போகலாம்.

எந்த நாட்டுக்குப் போறது நல்லது?

எங்களுக்குக் கிட்டவும் லேசும் தமிழ்நாடு. சென்னைக்கு விமானத்தில் ஒன்றரை மணித்தியாலம்கூட இல்லை, மொழிப் பிரச்சினையும் இல்லை. சென்னையில் புளூ கிராஸ் ஒஃப் இந்தியா பல பத்தாண்டுகளாக இயங்குகிறது, 1964 இலேயே தெருநாய்களைக் கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடை செய்யலாம் என்று சொன்னவர்கள் அவர்கள். வடக்கே உதய்ப்பூரில் அனிமல் எய்ட் அன்லிமிடெட் இருக்கிறது. தாய்லாந்தின் புகெட் தீவில் சோய் டோக், நேபாளத்தில் காத்மண்டு அனிமல் ட்ரீட்மென்ட் சென்டர். இதெல்லாம் பெயர் தெரிந்த இடங்கள். எப்போது ஆள் எடுக்கிறார்கள், எத்தனை நாள் குறைந்தது நிற்க வேண்டும் என்பது மாறிக்கொண்டே இருக்கும், ஆகவே நேரடியாக எழுதிக் கேளுங்கள்.

காலநிலையையும் பாருங்கள். சென்னையில் மே மாதம் கத்திரி வெயில், கொழும்பு வெக்கை பழகினவருக்கும் அது கடினம். நவம்பர், டிசம்பரில் மழை வெள்ளம்.

என்னென்ன ஊசி போட வேணும்? எப்ப போட வேணும்?

விசர்நாய்க்கடி நோய்க்கு எதிரான தடுப்பூசி கட்டாயம். நாய் கடிப்பதற்கு முன்பே போட்டுக்கொள்வதைத்தான் சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனம் 2018 இல் வெளியிட்ட பரிந்துரைப்படி இரண்டு தடவை, முதல் நாளும் ஏழு நாள் கழித்தும். சில வைத்தியர்கள் பழைய முறைப்படி 21 ஆம் அல்லது 28 ஆம் நாளில் மூன்றாவதும் போடச் சொல்வார்கள், சில நிலையங்களும் மூன்று ஊசிக்கான அட்டையைக் கேட்கும். அதனால் புறப்படுவதற்கு ஆறு கிழமைக்கு முன்பே வைத்தியரைப் பாருங்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து ஏதும் எடுப்பவராக இருந்தால் அதை அவரிடம் வாய்திறந்து சொல்லுங்கள், ஊசிக் கணக்கு மாறும்.

ஏற்பூசி (டெட்டனஸ் ஊசி) கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று பாருங்கள், பத்து வருடம் தாண்டியிருந்தால் திரும்பப் போட வேண்டும். ஈரலழற்சி ஏ, பி பற்றியும் வைத்தியரிடம் கேளுங்கள். ஊசி அட்டையைப் போனில் படம் எடுத்து வையுங்கள்.

கடிச்சா பிறகு போடலாம் தானே? கடிபடாமலே வந்தா காசு வீண் இல்லையா?

இந்தக் கேள்விக்கு மட்டும் நான் கொஞ்சம் சத்தமாகப் பதில் சொல்வேன். விசர் அறிகுறி தொடங்கிவிட்டால் மனிதனைக் காப்பாற்ற முடியாது, அநேகமாக எல்லோரும் இறந்துபோகிறார்கள். உலகத்தில் ஒரு வருடத்துக்கு ஏறக்குறைய 59,000 பேர் இந்த நோயால் இறக்கிறார்கள் என்பது மதிப்பீடு, அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில். மனிதருக்கு வருவதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நாய் மூலம். நீங்கள் போகப்போவது அந்த இடத்துக்கு, செய்யப்போவது அந்த நாய்களோடு.

முன்பே ஊசி போடாதவரை ஆழமாகக் கடித்தால் தடுப்பூசி மட்டும் போதாது, காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபியூலின் என்ற இன்னொரு மருந்தும் ஏற்ற வேண்டும். அது எல்லா ஊரிலும் எல்லா நேரமும் கிடைக்காது. முன்பே போட்டவருக்கு அது தேவையில்லை, முதல் நாளும் அதிலிருந்து மூன்று நாள் கழித்தும் என்று இரண்டு ஊசி போட்டால் போதும். நீங்கள் காசு கொடுத்து வாங்குவது அந்த வித்தியாசத்தை. தெரியாமல் பட்ட எச்சிலும் இருக்கிறது, குட்டி நக்கின இடத்தில் கீறல் இருந்ததை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள்.

சரி, ஊசி போட்டாச்சு. ஆனா கடிச்சிட்டுது. உடன என்ன செய்யிறது?

நாயைப் பத்திரமாக விட்டுவிட்டு நேரே தண்ணீர்க் குழாய்க்குப் போங்கள். சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில், முழுதாகப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். பதினைந்து நிமிடம் நினைப்பதை விட நீளமானது, போனில் நேரம் வைத்துக் கழுவுங்கள். பிறகு அயடீன் போன்ற கிருமிநாசினி. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் ஒன்றும் வேண்டாம். அடுத்தது நிலையத்தில் இருக்கும் மருத்துவரிடம் சொல்லிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரி, மேலே சொன்ன இரண்டு ஊசியும்.

பூனைக்கடியை லேசாக எடுக்காதீர்கள். துளை சின்னது, உள்ளே ஆழம், ஒரு இரவுக்குள் கை வீங்கிவிடும். பயணக் காப்புறுதி எடுக்கும்போது மிருகக் கடிக்கும் தொண்டு வேலைக்கும் பணம் தருவார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வீசா எது? சும்மா டூரிஸ்ட் வீசாவில போகலாமா?

இந்தியாவின் இலத்திரனியல் சுற்றுலா வீசாவில், சம்பளமோ வேறு கைமாறோ இல்லாத குறுகிய காலத் தொண்டு வேலை அதிகபட்சம் ஒரு மாதம்வரை செய்யலாம் என்று இருக்கிறது. நான் மூன்று கிழமைக்கு மேல் நிற்காததற்கு லீவு மட்டும் காரணம் இல்லை. அதற்கு மேல் நிற்பதென்றால் வேறு வகை வீசா வேண்டும். விண்ணப்பிக்கும் நாளில் விதியை ஒரு தடவை வாசித்துப் பாருங்கள், மாற்றுவார்கள்.

தாய்லாந்தில் சம்பளம் இல்லாத வேலையும் வேலைதான். போய் இறங்கிவிட்டு நாய்களோடு நிற்கலாம் என்று நினைக்க வேண்டாம், எந்த வீசா, வேலை அனுமதி தேவையா என்பதைப் போகிற நிலையத்திடமே கேளுங்கள். ஒழுங்கான இடம் என்றால் தெளிவாகப் பதில் சொல்லும்.

காசு கட்டச் சொல்லினம். தொண்டு செய்யப் போறவன் ஏன் காசு கட்ட வேணும்? ஏமாத்தா?

காசு கேட்டாலே ஏமாற்று இல்லை. தங்குமிடம், சாப்பாடு, உங்களுக்குப் பழக்கிக்கொடுக்க ஒருவர் செலவழிக்கும் நேரம், எல்லாவற்றுக்கும் செலவு இருக்கிறது. ஆனால் சில விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எத்தனை மருத்துவர்கள் நிரந்தரமாக இருக்கிறார்கள்? நாய்களை எங்கே பிடிக்கிறார்கள், எங்கே திரும்ப விடுகிறார்கள்? கருத்தடை செய்த நாயைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும், இந்தியாவில் 2023 இன் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. வேறு இடத்தில் விட்டால் அந்த இடத்து நாய்கள் கடித்துக் குதறும்.

இதைவிட முக்கியமான அடையாளம் ஒன்று. “அனுபவம் தேவையில்லை, நீங்களே சத்திரசிகிச்சை செய்யலாம்” என்று விளம்பரம் போட்டிருந்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். இந்தியாவில் 1984 இன் கால்நடை மருத்துவ மன்றச் சட்டப்படி பதிவு பெற்ற மருத்துவர்தான் சத்திரசிகிச்சை செய்யலாம். சட்டத்தை விடுங்கள், அந்த மேசையில் கிடக்கும் நாயின் பக்கம் நின்று யோசியுங்கள்.

அம்மா விடமாட்டேன் எண்டுறா. பொம்பிளைப் பிள்ளை, அதுவும் நாய்ப் புண் கழுவவா எண்டு கேக்கிறா.

என் அம்மாவும் அதைத்தான் கேட்டார். “சொந்தக்காரர் கேட்டால் நான் என்ன சொல்றது?” என்பதுதான் உண்மையான பிரச்சினை. சண்டை போட்டுப் பயனில்லை. தங்குமிடத்தின் முகவரி, அங்கே பொறுப்பாக இருக்கும் ஒரு பெண்ணின் தொலைபேசி இலக்கம், ஊசி அட்டை, காப்புறுதி, திரும்பும் டிக்கெட், இவ்வளவையும் மேசையில் வைத்துவிட்டுக் கதையுங்கள். முடிந்தால் அந்த நிலையத்தில் இருக்கும் ஒருவரோடு அம்மாவை வீடியோ அழைப்பில் கதைக்க விடுங்கள். எங்கள் வீட்டில் அதுதான் பலித்தது. பின்னால் நாய் குரைக்கிற சத்தத்தில் இரண்டு அம்மாமாரும் அரை மணித்தியாலம் சாப்பாட்டைப் பற்றிக் கதைத்தார்கள்.

என்னென்ன சாமான் கொண்டுபோக?

கிழிந்தாலும் கவலையில்லாத முழுக்கால் உடுப்பு நாலு சோடி, மூடின சப்பாத்து, கழுவக்கூடிய றபர் பூட்ஸ். வளையல், தோடு, சங்கிலி வீட்டில் இருக்கட்டும். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். ஊட்டி போன்ற மலைப்பக்கம் என்றால் சுவெட்டர். நிலையத்துக்கு ஏதாவது கொடுக்க ஆசையென்றால் பழைய துவாய், பெட்ஷீட் கொண்டுபோங்கள், அதற்கு எப்போதும் தட்டுப்பாடு. மருந்து மட்டும் வேண்டாம், சுங்கத்தில் மாட்டுவீர்கள்.

தமிழ்நாட்டில நாங்க கதைக்கிறது விளங்குமா?

விளங்கும், இரண்டு நாள் பிடிக்கும். நான் முதல் நாள் “சவர்க்காரம் எங்கே?” என்று கேட்டபோது ஒருவருக்கும் விளங்கவில்லை, அங்கே சோப்பு. துவாய் என்றால் துண்டு, மிருக வைத்தியர் என்றால் கால்நடை மருத்துவர், விசர் என்றால் வெறி. முதல் நாளே அறையைச் சுற்றி நடந்து ஒவ்வொரு சாமானுக்கும் அங்கே என்ன பெயர் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரு நாய்க்கு இரத்தம் ஓடும்போது “துண்டு எடு” என்று சொன்னால் நீங்கள் காகிதத் துண்டைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

கடிக்க வாற நாயைப் பிடிக்கத் தெரியாது. பயமா இருக்கு.

பயம் இருப்பவரைத்தான் நான் நம்புவேன். பிடிக்கிற வேலையை முதல் நாள் யாரும் உங்களிடம் தரமாட்டார்கள். கண்ணை நேரே பார்க்காமல், முன்னால் குனியாமல், பக்கவாட்டில் உட்கார்ந்து நாயை வர விடுவதுதான் முதல் பாடம். காது பின்னால் போவது, உதட்டை நக்குவது, கண்ணின் வெள்ளை தெரிவது, உடம்பு அப்படியே விறைப்பது. உறுமலுக்கு முன்பே நாய் இவ்வளவையும் சொல்லிவிடுகிறது. கடைசியில் சொன்ன விறைப்புத்தான் ஆபத்தானது, அந்த நேரம் கையை எடுத்துவிட வேண்டும். பண்டேஜ் துணியால் வாய்க்கட்டுப் போடுவதை வீட்டில் தலையணையில் பழகிப் பாருங்கள், கை பழகும். மயக்கம் தெளிகிற நாயின் முகத்துக்குக் கிட்ட உங்கள் முகத்தைக் கொண்டுபோகாதீர்கள், அது எவ்வளவு சாதுவான நாயாக இருந்தாலும்.

எங்கட வீட்டில குட்டி ஒண்டு நிக்குது. நான் ஏதும் நோய் கொண்டுவந்திடுவனா?

கொண்டுவரலாம். பார்வோ வைரஸ் சப்பாத்து அடியில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், கைக்குப் பூசும் சானிட்டைசருக்கு அது சாகாது, பிளீச் தண்ணீருக்குச் சாகும். அங்கே போட்ட சப்பாத்தையும் வேலை உடுப்பையும் அங்கேயே கொடுத்துவிட்டு வாருங்கள். குட்டிக்கு ஊசிகள் முடிந்திருக்க வேண்டும், முடியவில்லை என்றால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

உங்களுக்கே தொற்றக்கூடியவையும் உண்டு. படை, சொறிப்பூச்சிக் கடி, எலிக்காய்ச்சல். எலிக்காய்ச்சல் சிறுநீர் வழியாக வரும், கையில் காலில் காயம் இருந்தால் மூடிக்கட்டி, கையுறையும் பூட்ஸும் இல்லாமல் கூடு கழுவ வேண்டாம். வந்தபிறகு காய்ச்சல் அடித்தால் நாய்களோடு நின்றதை வைத்தியரிடம் முதல் வசனமாகச் சொல்லுங்கள். கர்ப்பமாக இருப்பவர்கள் இப்போதைக்குப் போக வேண்டாம். தெருநாய்களின் பிறப்புறுப்புக் கட்டிக்குக் கொடுக்கும் வின்கிறிஸ்டின் புற்றுநோய் மருந்து, அதைத் தொடுவதும் அந்த நாயின் கூட்டைக் கழுவுவதும் கர்ப்பிணிக்குக் கூடாது.

நான் பேராதனையில மிருக வைத்தியம் படிக்கிறன். எனக்கும் இதே பதில்தானா?

முதல் பதில் உங்களுக்கும் பொருந்தும், கூடு கழுவாமல் ஒருவரும் தப்ப முடியாது. ஆனால் உங்களுக்கு வேறு வாசலும் இருக்கிறது. ஊட்டியில் வேர்ல்ட்வைட் வெட்டரினரி சேர்விஸ் நடத்தும் பயிற்சி நிலையத்தில் மருத்துவர்களுக்கும் மாணவர்களுக்கும் கருத்தடைச் சத்திரசிகிச்சையை மேற்பார்வையோடு பழக்குகிறார்கள். எத்தனை சத்திரசிகிச்சை உங்கள் கையால் என்று மட்டும் கேட்காதீர்கள், பக்கத்தில் நிற்பவர் யார், தையல் பிரிந்தால் யார் பார்ப்பார் என்றும் கேளுங்கள்.

கருணைக்கொலை செய்வினமா? அதைப் பாக்க வேண்டி வருமா?

வரும். முதுகெலும்பு முறிந்து, தோல் அழுகி, இனி வலி மட்டும்தான் என்று மருத்துவர் முடிவெடுக்கிற நாய்கள் இருக்கின்றன. கொல்வது பாவம் என்று கேட்டு வளர்ந்தவள் நான், என்னால் முதல் தடவை அறைக்குள் நிற்க முடியவில்லை. வெளியே போய் நின்றேன், ஒருவரும் குறை சொல்லவில்லை. இரண்டாவது தடவை உள்ளே நின்று தலையைத் தடவிக்கொண்டிருந்தேன். பஸ் அடித்த ஒரு கறுத்தப் பெட்டை நாய். ஊசி ஏறியவுடன், மூன்று நாளாக இறுகிப்போயிருந்த தாடை என் கைக்குள் இளகியது. சரியா பிழையா என்பதை நீங்கள் உங்கள் மனதோடு தீர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் அந்த முடிவு மருத்துவருடையது, அந்த நேரத்தில் அவரோடு வாதாட வேண்டாம்.

நாய் என்னைக் கீறிட்டுது. சொன்னா அதைக் கொன்றுடுவினமோ எண்டு பயம். சொல்லாம விடலாமா?

விடக்கூடாது. நானே விட்டிருக்கிறேன், அதனால் சொல்கிறேன். ஒரு பூனைக்குட்டியின் பல் விரலில் கீறியது, இரத்தம் ஒரு துளி. குட்டியை ஒதுக்கிவிடுவார்கள் என்று நினைத்து மறைத்தேன். மாலையில்தான் சொன்னேன், கழுவ வேண்டிய நேரம் எப்போதோ போய்விட்டிருந்தது. அன்றிரவு மருத்துவர் அக்கா என்னை ஓட்டோவில் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு அலைந்தார், அவர் அடுத்த நாள் காலை ஏழு மணிக்குச் சத்திரசிகிச்சைக்கு நிற்க வேண்டியவர்.

கடித்த நாயையோ பூனையையோ உடனே கொல்வதில்லை, விசர் அறிகுறி இல்லாவிட்டால் தனியாக வைத்துப் பத்து நாள் பார்ப்பார்கள். பத்து நாளும் சுகமாக இருந்தால், கடித்த நேரத்தில் அதன் எச்சிலில் வைரஸ் இருக்கவில்லை என்று அர்த்தம். அந்தப் பத்து நாள் முடியட்டும் என்று உங்கள் ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. நீங்கள் மறைத்தால் யாரும் அதைக் கவனிக்க மாட்டார்கள், அடுத்த ஆளும் அதைத் தூக்குவார். என் குட்டி பத்து நாளும் கூட்டுக்குள் சாப்பிட்டுச் சாப்பிட்டுக் கொழுத்து, பதினோராம் நாள் வெளியே வந்தது.

அங்க ஒரு நாயில மனசு விழுந்திட்டா கொழும்புக்குக் கொண்டுவரலாமா?

மிருக உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் அனுமதி, மைக்ரோசிப், தடுப்பூசிச் சான்றிதழ், விமானச் செலவு என்று நீளும். வழி இருக்கிறது, நான் செய்யவில்லை. என் மனம் விழுந்தது ஒற்றைக் காது மடிந்த ஒரு மண்ணிற நாயில். அதைப் பிடித்த தெருவிலேயே விடப் போனபோது நானும் வண்டியில் போனேன். கூட்டைத் திறந்ததும் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒரு தேநீர்க் கடையின் பின்பக்கம் ஓடியது. கடைக்காரர் “வந்துட்டியாடா” என்று கேட்டுக்கொண்டே ஒரு பன்னைப் பிய்த்துப் போட்டார்.